சிவப்புப் பைக்குள் நூற்றுப் பதினேழு பேர்

அத்தியாயம் 14

சென்ற வாரம் பெரிய மருமகளைக் கவிழ்ந்து கிடந்த பீரோவுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டுப் போய்விட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்குக் கொடுத்த பக்கம் அவ்வளவுதான். வீட்டைப் புரட்டிப் போட்டது யார் என்று கேட்டு எழுதியவர்களுக்கு ஒரே பதில்: சலவை ஆலையின் ஆட்கள். தேடி வந்தது அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அது அதற்கு முன்பே ஆலைக்குள்ளேயே போய்விட்டது.

புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. ஆஸ்பத்திரிகளின் அழுக்குத் துணியை வெளுக்கும் ஆலை அது. ஒப்பந்த ஆட்களையும் சேர்த்து இருநூற்று முப்பது பேர் வேலை பார்க்கிறார்கள். நம் வீட்டிலிருந்து மட்டும் மூன்று பேர். மூத்தவன் சலவை மெஷினில். அவன் மனைவி, நம் பெரிய மருமகள், இஸ்திரி உருளையில். தம்பி இளையவன் காவல் ஆட்களுக்குத் தலைவன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் அங்கே சங்கம் இருந்தது. மூத்தவன்தான் செயலாளர். வேலைநிறுத்தத்தின் இருபதாம் நாள் அவனை மேனேஜர் அறைக்குள் கூப்பிட்டார்கள். உள்ளே போனவன் முகம் வீங்கி வெளியே வந்தான். நிறுத்தம் முடிந்தது என்று கையெழுத்துப் போட்டிருந்தான். பத்தொன்பது பேருக்கு வேலை போயிற்று, அவனுக்குப் போகவில்லை. அன்று படுத்த சங்கம் எழுந்திருக்கவே இல்லை. உறுப்பினர் என்று மிஞ்சியது ஏழு பேர்.

ஐந்து மாதத்துக்கு முன் உருளை ஒரு பெண்ணின் நான்கு விரல்களை இழுத்துக்கொண்டது. கவனக்குறைவு என்று எழுதி அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்துதான் பெரிய மருமகள் வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். சங்கம் என்ற சொல்லையே எடுக்கமாட்டாள். "உனக்கு எங்க வலிக்குது?" என்று கேட்பாள். ஒருத்திக்கு இடுப்பு, ஒருவனுக்கு மூச்சு. சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் கேட்டுவிட்டு, "உன் பக்கத்துல எல்லாரும் யார் பேச்சைக் கேப்பாங்க?" என்பாள். அடுத்த நாள் அந்த ஆளின் வாசலில் நிற்பாள்.

அப்படிச் சேர்ந்தது நூற்றுப் பதினேழு படிவம். பாதிப் பேருக்கு மேல் கையெழுத்து இருந்தால்தான் தொழிலாளர் அலுவலகம் சங்கத்தை ஏற்கும். இந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. தவறினால் ஆலை நிர்வாகம் தானே பெற்று வளர்க்கும் நல்வாழ்வு மன்றத்துக்கு அந்த இடம் போய்விடும், ஐந்து வருடத்துக்கு யாரும் வாய் திறக்க முடியாது. நூற்றுப் பதினேழாவது கையெழுத்து விழுந்ததே வியாழக்கிழமை மாலைதான்.

படிவங்கள் எங்கே இருந்தன? சிவப்புப் பையில். தொற்றுநோய்க்காரர்களின் துணி அந்த ஆலைக்குச் சிவப்புப் பையில் வரும். அதை யாரும் பிரிக்கக் கூடாது, அப்படியே மெஷினுக்குள் போட வேண்டும். வெந்நீரில் பை கரைந்துவிடும். காவல்காரர்கள் அந்தப் பைகளின் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள். அதனால் துணி பிரிக்கும் வேலை பார்க்கும் வெண்கலத் தொண்டைக்காரி, சுருக்கமாக வெண்கலம், படிவங்களைச் சிவப்புப் பையில் கட்டி, மூன்றாவது தட்டின் அடியில் தள்ளி, அதன் முன்னாலேயே நின்று வேலை பார்த்தாள். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் எடுத்துக்கொண்டு போவதாகத் திட்டம். விஷயம் அவளுக்கும் பெரிய மருமகளுக்கும் மட்டும்தான் தெரியும்.

தட்டுக்கு நாலடி தள்ளி மெஷினில் நின்ற மூத்தவனிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். எட்டு வருடமாக அந்த வீட்டில் யாரும் அவனிடம் எதையும் சொல்வதில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதல் அடி விழுந்தது.

பன்னிரண்டு பேர் தடியோடு உள்ளே வந்தார்கள். ஆறு பேர் அழுக்குப் பக்கம், ஆறு பேர் சுத்தப் பக்கம். அந்த ஆலையை நடுவில் ஒரு சுவர் இரண்டாகப் பிரிக்கிறது. அழுக்குப் பக்கம் மெஷினில் துணி போட்டால், வெளுத்த துணி சுவருக்கு மறுபுறம் இன்னொரு கதவு வழியாக வெளியே வரும். மூத்தவன் அந்தப் பக்கம், பெரிய மருமகள் இந்தப் பக்கம். அவன் போட்டதை அவள் எடுப்பாள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

"பெட்டியெல்லாம் திற," என்றான் இளையவன்.

பூட்டுகளை உடைத்தார்கள். பைகள், செருப்புகள், யாரோ ஒருத்தியின் மாத்திரைகள், எல்லாம் ஈரத் தரையில் சிதறின. ஒரு காவல்காரன் பெரிய மருமகளின் பின்னந்தலை மயிரைக் கொத்தாகப் பிடித்து உருளையின் பக்கம் வளைத்தான். உருளை சூடாக இருந்தது. கன்னத்தில் அனல் அடித்தது.

"எங்கடி வெச்சிருக்க?"

இளையவன் திரும்பிப் பார்த்தான். அடுத்த நொடி அவன் முழங்கை அந்த ஆளின் மூக்கில் இறங்கியது. மூக்குத் தண்டு உடைந்து ரத்தம் கொட்டியது.

"அவங்க மேல கைய வைக்காதன்னு சொன்னேன்ல?"

பெரிய மருமகள் இந்த வீட்டுக்கு வந்தபோது இளையவனுக்கு ஒன்பது வயது. காய்ச்சல் வந்தால் அம்மாவைத் தேடமாட்டான், அண்ணியைத் தேடுவான். அந்தக் கதையெல்லாம் நான்காவது அத்தியாயத்தில் எழுதியாயிற்று. இப்போது நினைத்தால் எனக்கே எரிச்சல் வருகிறது.

"அண்ணி, குடுத்துடுங்க," என்றான் தணிந்த குரலில். "நான் வேண்டாம்னா மேனேஜர் வெளியிலேர்ந்து ஆள் எடுப்பாரு. அவங்க வந்தா உங்களைக் கொன்னே போட்டுடுவாங்க. நான் இருக்கறதாலதான் இது இதோட நிக்குது."

"அப்ப எனக்கு உதவிதான் பண்ற."

"ஆமா."

"போடா அந்தப் பக்கம். வேலை கெடக்குது."

சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சே நடக்கவில்லை. வெண்கலம் கத்தினாள். கத்துவது அவள் பழக்கம், அவள் குட்மார்னிங் சொன்னாலே நாலு தெரு திரும்பிப் பார்க்கும். வாய் மேலேயே ஒரு தடியடி விழுந்தது. வாயைப் பொத்திய கையோடு முன்பல் இரண்டும் வந்தன. அதற்கப்புறமும் கத்தினாள். தோளில் ஒன்று, முழங்காலில் ஒன்று. கீழே விழுந்தவளைக் காலைப் பிடித்துத் தரையில் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டுக்கு வெளியே எறிந்து கதவைப் பூட்டினார்கள்.

அந்த நேரத்தில் மூத்தவன் என்ன செய்துகொண்டிருந்தான்? வேலை செய்துகொண்டிருந்தான். பார்க்கக் கூடாததைப் பார்க்காமலிருக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது. முதுகுக்குப் பின்னால் அடி விழும் சத்தம் கேட்கக் கேட்க, அவன் கை மூன்றாவது தட்டில் இருந்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்து மெஷினுக்குள் தள்ளியது. சிவப்புப் பை அரை மணிக்கு மேல் தட்டில் கிடக்கக் கூடாது என்பது விதி. அடியில் கிடந்த கடைசிப் பையும் உள்ளே போயிற்று. கதவை அடைத்தான். தொண்ணூறு டிகிரி. பொத்தானை அமுக்கினான்.

தடிக்காரர்கள் எதுவும் கிடைக்காமல் வெளியே போனார்கள்.

பத்து மணிக்குப் பெரிய மருமகள் துணி எடுக்க மூன்றாவது மெஷினிடம் வந்தாள். இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைத் துணியோடு சாம்பல் நிறத்தில் கூழாக ஏதோ சுற்றியது. இப்படி ஒன்றை அவள் பதினான்கு வருடத்தில் பார்த்ததில்லை. ஒரு துணுக்கு கண்ணாடியில் வந்து ஒட்டியது. அச்செழுத்தில் 'உறுப்பினர்' என்று இருந்தது. அடுத்த சுற்றில் தண்ணீர் அதையும் இழுத்துக்கொண்டது.

சுவரிலிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு, உடை மாற்றாமல், அழுக்குப் பக்கம் ஓடினாள். அப்படிப் போவது அந்த ஆலையில் பெரிய குற்றம்.

"மூணாவது தட்டுல அடியில ஒரு சிவப்புப் பை இருந்துச்சே. எங்க?"

மூத்தவன் மெஷினைத் திரும்பிப் பார்த்தான்.

"போட்டுட்டேனே."

"நிறுத்துங்க."

"நிறுத்தினாலும் கதவு திறக்காது. தண்ணி வடியணும். அதுல என்ன இருந்துச்சு?"

அவள் சொன்னாள். தணிவாகத்தான் சொன்னாள், ஆனால் சுற்றி நின்ற எல்லோர் காதிலும் விழுந்தது.

தள்ளுவண்டிகளை இழுக்கும் ஆளுக்குக் கொக்கி என்று பெயர். கையில் எப்போதும் ஒரு நீளக் கொக்கிக் கம்பி இருக்கும். அவன் அண்ணன் அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவன். வேலை போனபின் குடித்தே செத்தான்.

"மறுபடியும் வித்துட்டியாடா," என்றான் கொக்கி.

கம்பி மூத்தவனின் காதுக்கு மேல் விழுந்தது. தோல் பிளந்தது. இரண்டாவது அடி முதுகில். மூன்றாவது முழங்கையில். மூத்தவன் கையை உயர்த்திக்கூடத் தடுக்கவில்லை. மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் ரத்தம் மெஷினின் பக்கவாட்டில் வழிந்தது. இருபது பேர் சுற்றி நின்றார்கள், ஒருவரும் தடுக்கவில்லை.

சொல்லத்தான் கூடாது, ஆனாலும் உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? மூன்றாவது அடிவரை அவன் மனைவியும் தடுக்கவில்லை.

நான்காவது அடிக்கு ஓங்கியபோது அவள் கம்பியைப் பிடித்தாள்.

"போதும். அவருக்குத் தெரியாது."

"தெரியாதா? புருஷனாச்சேன்னு காப்பாத்தறீங்களா அக்கா?"

"நான் சொல்லவே இல்லடா. சொல்லியிருந்தா போட்டிருக்கமாட்டாரு."

மூத்தவன் தரையில் உட்கார்ந்தான். சட்டைக் காலர் நனைந்து கனத்தது.

"அடிக்கட்டும் விடு," என்றான். "எட்டு வருஷம் முன்னாடி அடிச்சிருக்க வேண்டியது. அப்ப அடிச்சிருந்தா இப்ப எல்லாருக்கும் மனசு லேசாயிருக்கும்." பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தான். "வெண்கலத்தை இழுத்துட்டுப் போறப்ப நான் திரும்பிக்கூடப் பாக்கல. அது என் தப்பு. ஆனா ஒண்ணு கேக்கறேன். இருநூறு வீட்டுப் படி ஏறினியே. எங்க வலிக்குதுன்னு ஒவ்வொருத்தனையும் கேட்ட. நம்ம வீட்டுல மட்டும் ஏன் கேக்கல?"

அவள் பிடித்திருந்த கம்பியை விட்டாள்.

"கேட்டிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பீங்களா?" என்றாள்.

"தெரியாது. கேட்டாத்தானே தெரியும்."

அவள் அவன் எதிரில் குந்தி உட்கார்ந்தாள். மெஷின் கடைசித் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு எங்க வலிக்குது?"

அவன் அழுதான். நாற்பத்தாறு வயது ஆண்பிள்ளை, ஆலையின் நடுவில், இருபது பேர் பார்க்க, குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுது முடித்துவிட்டு எழுந்தான். சுவர்க்கதவைத் தாண்டிச் சுத்தப் பக்கம் போனான். போகிற வழியெல்லாம் தரையில் ரத்தச் சொட்டு.

உருளையிலிருந்து அப்போதுதான் இறங்கிய ஒரு விரிப்பை மேசைமேல் உதறினான். துணியில் ஆஸ்பத்திரிப் பெயரும் எண்ணும் எழுதுகிற தடித்த பேனாவை எடுத்தான். தன் பெயர், டோக்கன் எண், கையெழுத்து, தேதி. மேலே கொட்டை எழுத்தில், 'நாங்கள் சங்கத்தில் சேருகிறோம்' என்று எழுதினான்.

"காகிதத்தைத்தான் என் மெஷின் தின்னும்," என்றான். "இந்த மையை அது வருஷக்கணக்கா தின்னு பாக்குது, முடியல."

பேனாவைக் கொக்கியிடம் நீட்டினான். கொக்கி கம்பியைக் கீழே போட்டுவிட்டு வாங்கினான்.

இனிமேல் ரகசியம் கிடையாது. இதுவரை அவரவர் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு போட்ட கையெழுத்து. இப்போது மாடியில் கண்ணாடி அறைக்குள் மேனேஜர் நின்று பார்க்க, எல்லோர் எதிரிலும் போட வேண்டும். பழைய நூற்றுப் பதினேழு பேரில் இருபத்திரண்டு பேர் ஏதோ வேலை இருப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களைத் திட்டவேண்டாம், வீட்டில் குழந்தை குட்டி இருக்கிறது.

பெரிய மருமகள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். வெண்கலம் கேட்டுக்கு வெளியே, அவள் இடத்துக்கு மூத்தவன். தொண்ணூற்றைந்தில் வரிசை நின்றது. பாதிக்கு மேல் என்றால் நூற்றுப் பதினாறு வேண்டும்.

ஒலிபெருக்கியில் மேனேஜர் குரல் வந்தது. "அந்தத் துணியில பேர் எழுதினவங்க திங்கக்கிழமையிலேர்ந்து வரவேண்டாம்."

அப்போதுதான் வெளுத்த துணியை மூட்டை கட்டும் பிரிவிலிருந்து ஒப்பந்தப் பெண்கள் வந்தார்கள். அவர்களிடம் பெரிய மருமகள் போனதே இல்லை. மேனேஜர் கொண்டுவந்த ஆட்கள், அவன் சொன்னபடி ஆடுவார்கள் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

"எங்களையும் போட்டுக்குவீங்களா?" என்று முன்னால் நின்றவள் கேட்டாள்.

"ஏன் இவ்வளவு நாளா சொல்லல?"

"நீங்க எங்க வீட்டுக்கு வரவே இல்லையேக்கா."

ஒரே காலையில் இரண்டாவது தடவை அவளுக்கு அந்த அடி. வலித்தது, ஆனால் இந்த முறை சிரித்தாள். ஐம்பத்தாறு பேர் போட்டார்கள். நூற்று ஐம்பத்தொன்று. விரிப்பின் விளிம்பு வரை மை.

இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. பெரிய மருமகள் விரிப்பை மடித்து உடம்பைச் சுற்றிக் கட்டி, மேலே மேலங்கியைப் போட்டுக்கொண்டாள். நூற்று ஐம்பது பேரும் அவளை நடுவில் வைத்து முற்றத்தில் இறங்கினார்கள்.

கேட்டில் காவல் ஆட்கள் இருபத்தைந்து பேர் நின்றார்கள். காலையில் தடி. இப்போது இரும்புக் குழாய்.

"பொம்பளைங்களைச் சோதிச்சுதான் வெளிய விடுவோம்," என்றான் இளையவன். மாடி ஜன்னலை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டான்.

யாரும் நிற்கவில்லை. முதல் வரிசையில் போன ஒருவனின் முன்மண்டையில் குழாய் இறங்கியது. அவன் அப்படியே உட்கார்ந்தான். அவனைத் தாண்டி அடுத்தவன் போனான், அவனுக்குத் தாடையில். கட்டும் பிரிவுப் பெண் ஒருத்தி ஒரு காவல்காரனின் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு விடவேயில்லை, அவன் இன்னொரு கையால் அவள் முதுகில் குத்திக்கொண்டேயிருந்தான். தள்ளுவண்டி ஒன்றை நாலு பேர் சேர்ந்து கேட்டின் மேல் மோதவிட்டார்கள். பூட்டு பிய்ந்தது. நடுவில் அகப்பட்ட ஒரு காவல்காரனின் கால் வண்டிக்கும் கம்பிக்கும் இடையே நசுங்கியது. அவன் அம்மா அம்மா என்று அலறினான். வெளியே, வீங்கிய வாயோடு வெண்கலம் கல்லால் பூட்டின் மிச்சத்தை இடித்துக்கொண்டிருந்தாள்.

நெரிசலில் மேலங்கியின் பொத்தான் அறுந்து வெள்ளை தெரிந்தது. இளையவன் பார்த்துவிட்டான்.

"அண்ணி. அவுத்துக் குடுத்துடுங்க. உங்க கால்ல விழறேன்."

"கால்ல விழறவன் கையில குழாய் எதுக்கு?"

"மேனேஜர் மாடியில நின்னு பாத்துட்டு இருக்காரு. நான் அடிக்கலேன்னா என்னை நம்பமாட்டாரு."

"அப்ப அடி. அடிச்சுட்டு எடுத்துக்கோ."

அவன் ஓங்கினான். கடைசி நிமிஷத்தில் நிறுத்திவிடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான். முகத்தை மறைக்க உயர்த்திய அவள் வலது மணிக்கட்டில் குழாய் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அந்த இரைச்சலிலும் இரண்டு பேர் காதிலும் கேட்டது.

இளையவன் வாய் பிளந்து நின்றான். அதற்குள் மூத்தவன் நடுவே புகுந்துவிட்டான்.

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவன் நிறுத்தவில்லை. செய்துவிட்டதன் பயமோ, செய்ய வைத்தவர்கள் மேலிருந்த ஆத்திரமோ, எல்லாம் அண்ணன் மேல் இறங்கியது. தோளில், விலாவில், காலையில் பிளந்த அதே இடத்தில். மூத்தவன் முழங்காலிட்டான். முழங்காலிட்டபடியே தம்பியின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான், அவன் ஒரு அடிகூட முன்னால் நகர முடியாதபடி. அண்ணனின் ரத்தம் தம்பியின் சட்டையெல்லாம் அப்பியது.

கொக்கி பின்னாலிருந்து வந்து இளையவனைக் கீழே தள்ளினான். கம்பியின் வளைந்த முனையை அவன் கழுத்துக்கு நேரே ஓங்கினான்.

"விடு," என்றாள் பெரிய மருமகள். முறிந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். "மணி ஆவுது. வண்டியை எடுக்கச் சொல்லு."

கம்பி இறங்கவில்லை. இளையவன் தவழ்ந்து எழுந்து, தடுமாறி, தெருவில் ஓடினான். தலைவன் ஓடியதைப் பார்த்து மற்றவர்களும் குழாயைப் போட்டார்கள். ஆலையின் துணி வண்டி ஓட்டுநர், எண்பத்து மூன்றாவது கையெழுத்துக்காரர், வண்டியைப் பின்னாலெடுத்துக் கதவைத் திறந்தார். அடிபட்டவர்களில் பதினோரு பேரை ஆஸ்பத்திரியில் இறக்கினார்கள். மூத்தவன் இறங்கமாட்டேன் என்றான்.

நாலரை மணிக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் மூன்று மேசைகளை ஒட்டிப்போட்டு விரிப்பை விரித்தார்கள். ஓரமெல்லாம் ரத்தக்கறை. குமாஸ்தா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"துணியில வாங்க விதி இல்லம்மா."

"காகிதத்துலதான் வாங்கணும்னு விதி இருக்கா சார்?"

அவர் ஒரு தடிப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். அதிகாரியம்மாள் அறையிலிருந்து வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பெயராக விரலை வைத்து எண்ணினார். கால் மணி நேரம் ஆயிற்று.

"நூத்தி ஐம்பத்தொண்ணு," என்றார். "வாங்கிக்கறேன். ஏத்துக்கறதா இல்லையாங்கறது விசாரிச்சுட்டுத்தான். இதுக்கு மேல வெக்கிற விண்ணப்பம் காகிதத்துல வேணும், செயலாளர் கையெழுத்தோட. யார் செயலாளர்?"

"நான்தான்," என்றாள் பெரிய மருமகள்.

அதிகாரியம்மாள் அவள் கையைப் பார்த்தார். மணிக்கட்டு முழங்கை அளவுக்கு வீங்கி, நிறம் மாறியிருந்தது.

"போட முடியாதே உங்களால. இடது கைப் பெருவிரல் ரேகை வெக்கலாம். ஆனா கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்க ரேகை வெச்சா காரணத்தை நான் எழுதணும். நாளைக்கு ஆலைக்காரங்க இது பொய் ரேகைன்னு வந்து நிப்பாங்க. கை எப்படி ஒடிஞ்சுது?"

பெரிய மருமகள் முறிந்த கையை மேசைக்குக் கீழே இறக்கினாள்.

"கீழ விழுந்தேன்னு எழுதினா போதுமாம்மா?" என்று மெல்லக் கேட்டாள்.

"எழுதலாம். அப்ப ஆலையில அடிதடியே நடக்கலேன்னு ஆயிடும். இந்தத் துணி எப்படி வந்துச்சுன்னு யாருக்கும் கேக்கத் தோணாது. அடிச்சவன் பேரு இருந்தா, போலீஸுக்கு அனுப்பிட்டு, விசாரணை முடியற வரைக்கும் இதுல பேர் எழுதின யாரையும் வேலையிலேர்ந்து எடுக்கக் கூடாதுன்னு இப்பவே உத்தரவு போடுவேன். நீங்கதான் சொல்லணும்."

சுவரில் மணி நாலு ஐம்பத்திரண்டு. நூற்று ஐம்பத்தொரு பேரின் திங்கட்கிழமை அவள் நாக்கின் நுனியில் நின்றது. அதே நாக்கில்தான் அவனும் நின்றான், காய்ச்சலோடு ஒன்பது வயதில்.

"என் கொழுந்தன்," என்றாள்.

"பேரு?"

சொன்னாள். சொல்லி முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா பேரு?"

அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். பின்னால் சுவரில் சாய்ந்து நின்றிருந்த மூத்தவன், ரத்தம் காய்ந்து ஒட்டிப்போன உதட்டைப் பிரித்தான்.

"எங்க அப்பா பேருதாம்மா. எழுதிக்குங்க," என்று சொல்லிவிட்டு, அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான்.

அதிகாரியம்மாள் எழுதினார். ரேகை வைத்தாயிற்று. முத்திரை விழுந்தது, நாலு ஐம்பத்தெட்டு. வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள். குமாஸ்தா போலீஸ் நிலையத்துக்குப் போன் செய்து, நம் வீட்டு விலாசத்தைப் படித்தார்.

பெரிய மருமகளின் போன் அதிர்ந்தது. மாமியார். இடது கையால் எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஏம்மா, சின்னவன் வந்துட்டான். ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறான், மூலையில சுருண்டு கெடக்கான். சட்டையெல்லாம் ரத்தம். கழட்டித் தேய்ச்சுப் பாத்தாச்சு, போக மாட்டேங்குது. அவன் உடம்புல ஒரு காயம்கூட இல்லை. இது யாரு ரத்தம்மா?"

அவள் போனைக் கணவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக் காதில் வைத்தான்.

"அம்மா," என்றான். "கதவைத் தாழ் போடாத. ஆள் வருவாங்க. அவங்க வர்றதுக்குள்ள அவனுக்குச் சோறு போட்டுடு."